இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை

மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

போனில் வேண்டாம், எழுதிவிடு என்று சொன்னீர்கள். அதனால் எழுதுகிறேன். அன்று அண்ணனின் அறையை வீடியோவில் ஒருமுறை காட்டச் சொன்னேன். "அப்படியேதான் இருக்கு, அதுல பாக்க என்ன இருக்கு?" என்று போனை வைத்துவிட்டீர்கள். நான் கேட்ட விதம் சரியில்லையோ என்னவோ. அதை விடுங்கள். இது வேலை விஷயம்.

அண்ணன் உருவாக்கிய மொழியில் எழுதுவதைக் கணினிக்குப் புரியவைக்கிற நம் கம்பைலரின் புதிய பதிப்பு தயாராகிவிட்டது. அண்ணன் போன பிறகு வெளிவரப்போகும் முதல் பதிப்பு. பழைய பதிப்பு இப்போது விற்கிற கணினிகளில் ஓடுவதில்லை, இது ஓடும். பெரிய புரோகிராம்களையும் முன்பைவிட வேகமாக முடிக்கிறது. பிழைச்செய்திகளையும் ஒழுங்குபடுத்தியிருக்கிறேன். இனி எல்லாவற்றுக்கும் எண் உண்டு, ஒரே அமைப்பில் வரும்.

வழக்கம்போல் நீங்கள் உங்கள் பக்கம் அதைக் கட்டி ஒரு பில்டு செய்து, ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடுமே, அந்தக் கைரேகை எண்ணை அனுப்ப வேண்டும். மூல நிரலையும், அதைக் கட்டுவதற்கான முன்னோட்டப் பதிப்பையும் இணைத்திருக்கிறேன். இரண்டு ஆள், இரண்டு கணினி, இரண்டு வெவ்வேறு இடம். இரண்டு கைரேகையும் ஒன்றாக இருந்தால்தான் வெளியீடு என்பது அண்ணன் போட்ட விதி. அதை மீற எனக்கு மனமில்லை. நம் மொழியைப் பயன்படுத்தும் லிஃப்ட் கம்பெனியும் இரண்டு எண்ணையும் பார்த்துத்தான் எடுத்துக்கொள்ளும்.

நேரம் கிடைக்கும்போது செய்தால் போதும். ஆனால் சீக்கிரம் நேரம் கிடைக்கட்டும்.

பொடிசு


மார்ச் 9

பொடிசு,

நாற்பத்து மூன்று வயதுக்காரியை இப்படிக் கூப்பிடக் கூச்சமாகத்தான் இருக்கிறது. உன் அண்ணன் வைத்த பெயர், நான் என்ன செய்ய?

இன்று கண்ணாடிக் கடையில் ஒரு பெரியவர் வந்திருந்தார். பரிசோதனை நாற்காலியில் உட்காரவைத்து, லென்ஸை மாற்றி மாற்றி, "இது தெளிவா, இது தெளிவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். "ரெண்டும் ஒண்ணுதாம்மா, நீங்களா பாத்து ஒண்ணக் குடுத்துருங்க" என்றார். உன் கடிதமும் அப்படித்தான் இருந்தது. மூன்று மாற்றங்களையும் ஒரே குரலில் சொல்லிவிட்டாய். மூன்றாவதும் மற்ற இரண்டைப் போலத்தான் என்று நான் தலையாட்டிவிடுவேன் என நினைத்தாயா?

அந்தப் பிழைச்செய்திகளை உன் அண்ணன் எப்படி எழுதினார் என்று எனக்குத் தெரியும். துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது பின்னாலேயே வந்து, "இப்படிச் சொன்னா கோபம் வருமா, சிரிப்பு வருமா?" என்று கேட்பார். எண் வேண்டிய இடத்தில் ஒரு சொல்லைப் போட்டால் அது என்ன சொல்லும்? "எண் கேட்டேன், சொல் தந்திருக்கீங்க. நல்ல சொல்தான். ஆனா கூட்டிப் பாக்க முடியாதே." இதை ஒழுங்குபடுத்தி என்னவாக ஆக்கியிருக்கிறாய்? உன் முன்னோட்டத்தில் போட்டுப் பார்த்தேன். "பிழை 214. வகை பொருந்தவில்லை. வரி 6." நன்றாக இருக்கிறது. பேங்க் கவுண்டரில் நிற்பது போல இருக்கிறது.

ஒரு விஷயம் சொல்கிறேன், சிரிக்காதே. எனக்கு உங்கள் மொழியில் ஒரு உருப்படியான புரோகிராம் எழுதத் தெரியாது. பில்டு செய்ய மட்டும் உன் அண்ணன் கற்றுக்கொடுத்தார். ஆனால் தப்பாக எழுத நன்றாகத் தெரியும். கடைவிட்டு வந்ததும் அவர் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் கணினியில் வேண்டுமென்றே ஒரு தப்பு செய்வேன். அவர் அதட்டுவார். ஒரே கேள்விக்கு என்றைக்கும் ஒரே பதில் வருவதுதான் இந்த மொழியின் அழகு என்று கல்யாணமான புதிதில் எனக்கு விளக்கு விளக்கென்று விளக்கினார். உண்மைதான். அதே தப்புக்கு அதே பதில். உயிரோடு இருந்தபோது மனிதர் அவ்வளவு நம்பகமானவர் இல்லை. "பல்பு வாங்கினீங்களா?" என்று கேட்டால் நாளுக்கு ஒரு பதில் வரும்.

இந்த அறையில் எல்லாம் அப்படியே இருக்கிறது. ஜன்னல் பக்கம் நாற்காலி. கணினியின் மின்விசிறி அதே இரைச்சலோடு ஓடுகிறது. நீ அதை வாயடைத்து வெளியிட நான் இரண்டாவது ஆளாக நிற்க முடியாது.

பில்டு செய்யமாட்டேன்.

அண்ணி


மார்ச் 12

அண்ணி,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மொட்டைமாடியில் கொஞ்ச நேரம் நின்றேன். கீழே லாண்டரிக் கடையின் இயந்திரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. என் அறையில் கேட்கிற ஒரே சத்தம் அதுதான்.

நான் விளையாட்டுக்கு இதைச் செய்யவில்லை. நம் மொழியை இன்று தொழிலுக்குப் பயன்படுத்துவது லிஃப்ட் கம்பெனி ஒன்றுதான். அங்கே இருக்கிற பொறியாளர் நல்லவர், ஆனால் அண்ணனை அவருக்குத் தெரியாது. "மேடம், உங்க கம்பைலர் எங்களைக் கிண்டல் பண்ணுது, எங்க டூலுக்குக் கிண்டல் புரியலை" என்றார். பிழைச்செய்தியை ஒரு மென்பொருள் படித்து, எந்த வரியில் தவறு என்று அவர்களுக்குக் காட்டுகிறது. அதற்கு ஒரே அமைப்பு வேண்டும். அடுத்த மாதம் பதினைந்துக்குள் புதிய பதிப்பு வராவிட்டால் வேறு மொழிக்குப் போய்விடுவார்கள். போனால் நான் ஒருத்திதான் மிச்சம். யாரும் பேசாத மொழிக்கு நான் இலக்கணம் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

உங்களிடமிருந்து எதையும் நான் பறிக்கவில்லை. பழைய பதிப்பு அண்ணனின் கணினியில் அப்படியே இருக்கும், உங்கள் விருப்பப்படி அதட்டும். வேண்டுமானால் எல்லாச் செய்திகளையும் ஒரு கோப்பில் போட்டு அனுப்புகிறேன், எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம்.

அந்த அறை இருக்கிறது, நீங்கள் அதில் இருக்கிறீர்கள் என்பது எனக்கும் ஒரு பிடிமானம். இங்கே வேலை ஓடாதபோது அந்த ஜன்னலை நினைத்துக்கொள்வேன். அதனால்தான் அன்று காட்டச் சொன்னேன்.

தயவுசெய்து பில்டு செய்யுங்கள்.

பொடிசு


மார்ச் 20

பொடிசு,

கோப்பு வேண்டாம். படிப்பது வேறு, அதட்டு வாங்குவது வேறு.

அவர் இரவல் சட்டை மாதிரி போட்டுக்கொள்ளவில்லை இந்த மொழியை, உயிரைக் கொடுத்துச் செய்தார். அது என்னால் நின்றுபோனது என்று இருக்க வேண்டாம். செய்துவிட்டேன். கைரேகை எண் கீழே இருக்கிறது. உன் எண்ணோடு ஒப்பிட்டுக்கொள்.

நான் பார்க்கமாட்டேன்.

அண்ணி


மார்ச் 21

அண்ணி,

எண் ஒத்துப்போகவில்லை.

ஒரே மூல நிரல், ஒரே முன்னோட்டப் பதிப்பு. ஒரு எழுத்தைக்கூட யாரும் மாற்றாமல் கட்டினால் ஒரே எண்தான் வர வேண்டும். என் பக்கம் மூன்று தடவை கட்டிப் பார்த்துவிட்டேன், மூன்று தடவையும் ஒரே எண். உங்கள் எண் முதல் எழுத்திலிருந்தே வேறு.

சுற்றிவளைக்காமல் கேட்கிறேன். பழைய பிழைச்செய்திகளைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டுக் கட்டினீர்களா? அந்தக் கோப்புகள் அண்ணனின் கணினியில் இருக்கின்றன, எங்கே என்று உங்களுக்கும் தெரியும். கோபம் இருந்தால் என்னைத் திட்டுங்கள். இந்த விதியில் கைவைக்காதீர்கள். யாராவது ஒருவர் ரகசியமாக எதையாவது செருகினால் மற்றவர் கண்டுபிடிக்கட்டும் என்றுதான் அண்ணன் இதை வைத்தார். அதை உங்கள்மேல் பயன்படுத்த வேண்டிவரும் என்று நான் நினைக்கவில்லை.

பொடிசு


மார்ச் 25

இந்தக் கடிதத்துக்கு விளிப்பு கிடையாது. உன்னை எப்படிக் கூப்பிடுவது என்று இந்த நிமிடம் எனக்குத் தெரியவில்லை.

நான் செருகுவேனா? உன் அண்ணனுக்குத் தெரியாமல் அவர் சட்டைப் பையில்கூட நான் கைவிட்டதில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே எழுதினேன். சரி என்று சொன்ன பிறகு சரியாகத்தான் செய்தேன். நீ அனுப்பியதை எடுத்தேன், நீ சொன்ன வரிசையில் கட்டினேன், வந்த எண்ணை எழுதினேன்.

நேற்று கடையில் ஒரு அம்மாவுக்குத் தவறான கண்ணில் தவறான லென்ஸை எழுதிவிட்டேன். இருபது வருடத்தில் முதல் தடவை. முதலாளி, "என்னம்மா, உங்களுக்கே கண்ணாடி வேணுமா?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

கட்டி முடித்த கோப்பை முழுசாக இணைத்திருக்கிறேன். எண்ணை மட்டும் பார்த்துத்தானே குற்றம் சொன்னாய்? பிரித்துப் பார். எந்த இடத்தில் உன் அண்ணனை ஒளித்துவைத்திருக்கிறேன் என்று நீயே கண்டுபிடி.


மார்ச் 27

அண்ணி,

பிரித்துப் பார்த்தேன். முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். நீங்கள் எதையும் செருகவில்லை. இரண்டு கோப்பும் ஓரிடம் தவிர எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான்.

அந்த ஓரிடத்தில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. எந்த ஃபோல்டரில் வைத்துத் தன்னைக் கட்டினார்கள் என்பதை கம்பைலர் தனக்குள் எழுதிக்கொள்ளும். அண்ணன் நம் இரண்டு கணினியிலும் ஒரே பெயரில் ஃபோல்டர் போட்டுத் தந்திருந்தார், அதனால் இத்தனை வருடமும் அது தலைகாட்டவில்லை. இப்படி ஒன்று இருப்பதையே நான் மறந்துவிட்டேன். கண்டபடி குற்றம் சாட்டுவதற்கு முன் முதலில் பார்த்திருக்க வேண்டியது அதைத்தான்.

என் கோப்பில் அண்ணன் வைத்த ஃபோல்டர் பெயர் இருக்கிறது. உங்கள் கோப்பில் அந்த இடத்தில் "விருந்தினர்" என்று இருக்கிறது. யாரோ ஒருவருடைய கணினியில், விருந்தினர் கணக்கில் வைத்துக் கட்டியிருக்கிறீர்கள்.

இன்னொரு தடவை சரிபார்த்தேன், அதே சொல்தான்.

அண்ணி, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?

பொடிசு


ஏப்ரல் 1

பொடிசு,

என் அக்கா வீட்டில்.

மழைக்கு முன்பே வந்துவிட்டேன். வீட்டுக்காரர் அந்த வீட்டை இடித்துக் கட்டப்போவதாகச் சொன்னார். உன்னிடம் சொல்லாததற்குக் காரணம் கேட்டால், சொல்லத்தான் நினைத்தேன். நீ போன் செய்யும்போதெல்லாம், "அந்த ரூம்ல வெயில் வந்துடுச்சா அண்ணி?" என்று கேட்பாய். வந்துடுச்சு என்று சொல்லிவிடுவேன். ஒரு தடவை சொன்ன பிறகு அடுத்த தடவை மாற்றிச் சொல்ல முடியவில்லை. நீ வீடியோவில் காட்டச் சொன்ன அன்று, அக்கா வீட்டுச் சமையலறையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

அவர் கணினியைத் துணியில் சுற்றி, வண்டியில் மடிமேல் வைத்துத்தான் கொண்டுவந்தேன். இங்கே வந்து பிளக்கைச் செருகியதும் விசிறி ஒரு சுற்று சுற்றி நின்றுவிட்டது. பழுதுபார்க்கிறவர் திறந்து பார்த்துவிட்டு, "இதுக்கு இனிமே எதுவும் கிடைக்காதுங்க, ஞாபகத்துக்கு வெச்சுக்கோங்க" என்றார். உள்ளே இருந்ததையும் எடுக்க முடியவில்லை. நாற்காலி இங்கே வைக்க இடமில்லாமல் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது.

அக்கா நல்லவள்தான். அத்தானும் முகம் கோணியதில்லை. ஆனால் ஹாலில் எல்லோரும் ஒரு நிகழ்ச்சி பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள், நான் உள்ளே போனதும் யாராவது எழுந்து எனக்கு இடம் தருவார்கள். அந்த எழுந்து இடம் தருவதுதான் தாங்கவில்லை. அவர்கள் கணினியில் ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு படம். நான் விருந்தினர். வேலை முடிந்து வெளியே வந்தால் நான் வைத்ததெல்லாம் அழிந்துவிடும். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து. உன் பில்டை இரண்டு தடவை அப்படி இழந்துவிட்டு மூன்றாவது தடவைதான் முடித்து, பென்டிரைவில் எடுத்துவைத்தேன்.

பழைய பதிப்பு இந்தக் கணினியில் ஓடாது. அதனால் மழைக்காலத்திலிருந்து நான் ஒரு தப்புகூடச் செய்யவில்லை. கடைவிட்டு வந்ததும் தப்பு செய்வேன் என்று எழுதினேனே, அது முன்பு. புதிய பதிப்பு வரப்போகிறது, அது புதுக் கணினியில் ஓடும் என்று நீ எப்போதோ சொல்லியிருந்தாய். அதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன். உன் கடிதம் வந்தது. முதல் மாற்றத்தைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். மூன்றாவதைப் படித்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

உன்னைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அறையில் வெயில் வருகிறதா என்று இனி கேட்காதே, அவ்வளவுதான்.

அண்ணி


ஏப்ரல் 4

அண்ணி,

நீங்கள் சொன்னதால் நானும் சொல்கிறேன்.

லிஃப்ட் கம்பெனி கேட்டது உண்மை. ஆனால் அவர்கள் கேட்டது ஒரே அமைப்பில் செய்தி வேண்டும் என்றுதான். பழையதை எடுத்துவிடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு சுவிட்ச் வைத்திருக்கலாம். இப்படி வைத்தால் எண்ணோடு வரும், அப்படி வைத்தால் அண்ணன் பேசுவார். எனக்கு அது தெரியாமல் இல்லை. அந்தக் கோப்புகளைத் தொட்டவுடனே தோன்றியது. தோன்றியும் அழித்தேன்.

நீங்கள் கடைவிட்டு வந்து ஒரு தப்பு செய்வீர்கள். எனக்கு அதுதான் வேலை அண்ணி, நாள் முழுவதும் தப்பு செய்துகொண்டேதான் இருப்பேன். காலையில் ஒரு பெயரை அவசரமாக மாற்றி அடித்துவிட்டு அழுத்தினால், "இந்தப் பேர்ல இங்க யாரும் இல்லை. எழுத்துப் பிழையா, இல்லை வேற யாரையாவது தேடுறீங்களா?" என்று வரும். காபி ஆறுவதற்குள் இன்னொரு தடவை வரும். மதியம் வரும். அவர் எனக்காக எழுதியதில்லை, எல்லோருக்கும் எழுதியதுதான். ஆனால் இந்த அறையில் வேறு யாரும் இல்லையே. ஒருநாள் அந்த வரியைப் பார்த்து, "உன்னைத்தாண்டா தேடுறேன்" என்று வாய்விட்டுச் சொன்னேன். கீழே லாண்டரிக்காரர் சட்டை வாங்க யாரோ வந்திருப்பதாக நினைத்து மேலே பார்த்தார். அன்று மாலைதான் முதல் செய்தியை மாற்றினேன். லிஃப்ட் கம்பெனி எனக்கு ஒரு சாக்காகக் கிடைத்தது.

உங்களுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை, எனக்குக் கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை. இரண்டு பேரும் ஒரே ஆளைத்தான் சொல்கிறோம்.

சுவிட்சை வைத்துவிட்டேன். பழைய செய்திகளை ஒரு எழுத்து மாற்றாமல் திரும்ப உள்ளே கொண்டுவந்துவிட்டேன். புதிய மூல நிரலை இதோடு இணைத்திருக்கிறேன். பொறியாளரிடம் சொன்னேன். "சுவிட்ச் இருந்தா எங்களுக்கென்ன மேடம், தாராளமாக் கிண்டல் பண்ணட்டும்" என்றார்.

இன்னொன்று. இங்கே வந்துவிடுங்கள். என் அறையை ஒட்டி ஒரு சிறிய அறை இருக்கிறது, நான் பெட்டிகள்தான் போட்டுவைத்திருக்கிறேன். யாரும் எழுந்து இடம்தர மாட்டார்கள், எழுந்திருக்க இங்கே ஆளே இல்லை. கண்ணாடிக் கடை இந்தப் பக்கமும் உண்டு. ஒரே இடத்தில் இருந்தால் விதிப்படி நாம் இரண்டு பேராக ஆகமாட்டோம், அதுதான் சிக்கல். பொறியாளரை இரண்டாவது ஆளாகக் கேட்டுக்கொள்ளலாம்.

அவசரமில்லை. யோசியுங்கள்.

பொடிசு


ஏப்ரல் 11

பொடிசு,

யோசித்தேன். வரமாட்டேன்.

கோபத்தில் இல்லை. கடைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு அறை பார்த்து வந்துவிட்டேன். ஒரு கட்டில் போட்டால் நடக்க இடம் இருக்கும், நாற்காலியையும் போட்டால் பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும். போட்டுவிட்டேன். ஜன்னல் எதிர்வீட்டுச் சுவரைப் பார்க்கிறது, வெயில் வராது. முன்கூட்டியே சொல்லிவிட்டேன், பிறகு கேட்காதே. அக்கா, "எங்க வீட்டுல என்னடி குறை?" என்று அழுதாள். குறையில்லாததுதான் குறை என்று அவளுக்கு எப்படிச் சொல்வது?

எங்கள் கடையில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பேனா மூடியைப் போடச் சொல்வோம், தெரியுமா? பாதிப்பேர் காற்றில் போடுவார்கள். இரண்டு கண்ணுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி இருந்தால்தான் ஒரு பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பிடிபடும். உன் பொறியாளர் நல்லவராகவே இருக்கட்டும். அந்த இரண்டாவது கண் நான்தான். பெட்டிகளை மட்டும் எடுத்து ஒதுக்கிவை. வெளியீடு முடிந்து அடுத்த வெளியீடு வரும்வரை நடுவில் எப்போதாவது ஒரு வாரம் வருகிறேன்.

பழைய லேப்டாப் ஒன்று வாங்கினேன், உன் புதிய பதிப்பு ஓடுகிற அளவுக்குப் புதியது. கணக்கு என் பெயரில். ஃபோல்டருக்கு அவர் வைத்த அதே பெயரை வைத்தேன். பில்டு முடிந்தது. எண் கீழே.

சுவிட்சைத் திருப்பி, வழக்கமான தப்பைச் செய்தேன். எண் கேட்டார், சொல் கொடுத்தேன். நல்ல சொல்தான் என்றார்.

வெளியிடு.

அண்ணி


ஏப்ரல் 14

அண்ணி,

ஒத்துப்போயிற்று. முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை.

இன்று காலை வெளியிட்டேன். லிஃப்ட் கம்பெனி எடுத்துக்கொண்டது, பொறியாளர் ஒரு வரியில் நன்றி எழுதினார். வேறு யாரோ ஒருவர், முன்பின் தெரியாதவர், அந்தச் சுவிட்ச் எதற்கு என்று கேட்டு எழுதியிருக்கிறார். போட்டுப் பாருங்கள் என்று பதில் போட்டேன்.

அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை. வெளியீடு முடிந்த நாள் எப்போதும் இப்படித்தான் இருக்கும், அண்ணன் இருந்தால் போன் செய்து, "என்ன பொடிசு, கை அரிக்குதா?" என்பார். சும்மா ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். தப்பில்லாமல் வந்துவிட்டது. தப்பில்லாவிட்டால் கம்பைலர் எதுவும் சொல்லாது, உங்களுக்குத் தெரியும். லாண்டரியும் இன்று விடுமுறை.

பெட்டிகளை ஒதுக்கினேன். அறையைக் கூட்டினேன். திரும்ப வந்து உட்கார்ந்து, என் பக்கம் சுவிட்சைத் திருப்பினேன். திறந்த ஒரு அடைப்புக்குறியை மூடாமல் விட்டுவிட்டு, முதல் தடவையாக வேண்டுமென்றே, அழுத்தினேன்.

இந்தச் செய்தியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா என்று தெரியவில்லை, இல்லையென்றால் நீங்களும் ஒருமுறை மூடாமல் விட்டுப் பாருங்கள். "ஒண்ணு திறந்தபடியே இருக்கு. அவசரமில்லை, நிதானமா மூடிட்டு வாங்க. நான் எங்கயும் போகலை."

பொடிசு